நினைவகமும் கோட்பாடும்: இணைச்செயற் குறிநீக்கிகளின் வரலாறு பற்றிச் சில கருத்துக்கள்

1

விஞ்ஞான வரலாறு நம்மிடையே பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தனியொருவரின் சிந்தையில் ஒரு கருத்து உதிக்கின்றது. சடப்பொருள் அக்கருத்துக்குப் பணிந்து உருப்பெறுகின்றது என்பதே அவ்வெழுத்தின் அடிப்படையாகும். இதற்கு எதிர்நிலையில், பொருளாதாரத் தேவை தோன்றியதும் அதற்கேற்ற கண்டுபிடிப்புத் தானாகவே வந்து சேரும் என்போரும் உளர். முன்னையது கருத்துமுதல்வாதம் எனின், பின்னையது பொருள்முதல்வாதத்தின் பெயரால் நிகழும் இயந்திரப் பாங்கான எளிமைப்படுத்தலாகும். அடித்தளம், மேற்கட்டுமானம் ஆகியவற்றுக்கிடையிலான உறவு பற்றி இலக்கிய ஆய்வாளர் நடத்திவந்த விவாதங்களில் இவ்விரு தவறுகளும் நன்கு அறிமுகமானவை. படைப்பாளியின் ஆளுமையிலேயே அனைத்தையும் காண்போரும், வர்க்க மூலத்தைச் சுட்டியதும் ஆய்வு முடிந்தது எனக் கருதுவோரும் ஒரே பிழையின் இரு பக்கங்களையே பற்றி நிற்கின்றனர்.

இவ்விவாதத்தை இலக்கியத்துக்கு வெகு தொலைவில் இருப்பதாகத் தோன்றும் ஒரு துறையில் வைத்து நோக்குவது பயனுடையது. கைத்தொலைபேசி, செய்மதித் தொலைக்காட்சி, கம்பியில்லா இணைய இணைப்பு ஆகிய அனைத்திலும், இரைச்சலாற் சிதைந்து வந்துசேரும் செய்தியைத் திருத்திக்கொள்வதற்கெனக் குறிநீக்கி என்னும் மின்சுற்று ஒன்று உண்டு. அனுப்புமிடத்திற் செய்தியுடன் சேர்க்கப்பட்ட மேலதிகப் பிட்டுகளின் துணைகொண்டு மூலச் செய்தியை அது மீட்டெடுக்கின்றது. வேகம் கருதி இன்று இவ்வேலையைப் பல செயலிகள் ஒரே சமயத்திற் பகிர்ந்து செய்கின்றன. அவ்வாறு பகிர்ந்து செய்கையில் அவை யாவும் ஒரே நினைவகத்தை நாடவேண்டியிருந்தமையும், அதனால் எழுந்த முரண்பாடும், அம்முரண்பாடு கணிதக் கோட்பாட்டையே மாற்றியமைத்த விதமும் இக்கட்டுரையின் பொருளாகும். 1990களில் வகுக்கப்பட்ட குறிமுறைகளில் நினைவகம் கோட்பாட்டுக்குப் பணிபுரியும் கருவியாகவே கருதப்பட்டது. இரு தசாப்தங்களுக்குள், நினைவகத்தின் இயல்பை முதலில் நோக்கி அதற்கிசையவே குறிமுறையை வகுத்தல் என்பது பொது நெறியாயிற்று. இம்மாற்றத்தை விளங்கிக்கொள்வதற்குத் துறையின் தோற்றத்திலிருந்து தொடங்குதல் அவசியமாகும்.

2

பிழைதிருத்தற் குறிமுறைகளின் தோற்றம் அமெரிக்கத் தொலைபேசித் துறையிற் பெரும் ஏகபோகமாக விளங்கிய நிறுவனத்தின் பெல் ஆய்வுகூடத்துடன் பிணைந்தது. 1948 இல் குளோட் ஷனன் அந்நிறுவனத்தின் தொழினுட்ப இதழில் வெளியிட்ட கட்டுரை, எந்தவொரு தொடர்புத் தடத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்றும், அவ்வரம்புக்கு உட்பட்ட வேகத்தில், வேண்டிய அளவுக்குப் பிழையைக் குறைத்துச் செய்தி அனுப்ப இயலும் என்றும் நிறுவியது. அத்தகைய குறிமுறைகள் உள்ளன என்பதை அவர் நிறுவினாரேயன்றி, அவற்றை ஆக்கும் வழியைக் கூறினாரல்லர். அதே ஆய்வுகூடத்தில் ரிச்சட் ஹமிங், வார இறுதிகளில் ஆளின்றி இயங்கிய கணிப்பொறி பிழையொன்றைக் கண்டவுடன் தம் கணக்கைக் கைவிட்டுவிடுவதாற் சலிப்புற்று, பிழையைக் காணும் பொறி அதனைத் திருத்தவும் ஏன் இயலாது என வினவினார். நான்கு செய்திப் பிட்டுகளுக்கு மூன்று சோதனைப் பிட்டுகளைச் சேர்த்து, ஏழில் எந்தவொரு பிட் பிழைபட்டாலும் திருத்தவல்ல அவரது குறிமுறை 1950 இல் வெளியாயிற்று. ஷனனின் கேள்வி தொலைத்தொடர்பின் முழுமை பற்றியது. ஹமிங்கின் கேள்வி வீணாகிய இயந்திர நேரம் பற்றியது. இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் எழுந்தமை தற்செயலன்று.

ஷனன் சுட்டிய எல்லையை நெருங்கும் வழியை முதலிற் கண்டவருள் ஒருவர் ரொபேட் கலகர். மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1960 இல் அவர் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வு, 1962 இற் கட்டுரையாகவும் 1963 இல் நூலாகவும் வெளிவந்தது. அடர்த்தி குறைந்த சமன்சோதனைக் குறிமுறை என்றும், ஆங்கில முதலெழுத்துக்களால் எல்.டி.பி.சி. என்றும் வழங்கும் இதனை இங்குக் கலகர் குறிமுறை எனச் சுருங்கக் குறிப்போம். நீண்ட செய்தித் தொகுதி ஒன்றின் மீது பல சோதனைச் சமன்பாடுகள் விதிக்கப்படும். ஆயின், ஒவ்வொரு சமன்பாடும் மிகச் சில பிட்டுகளையே தொடும். ஒவ்வொரு பிட்டும் தான் பூச்சியமா ஒன்றா என்பது பற்றிய தன் நம்பிக்கையின் அளவைத் தான் சார்ந்த சோதனைகளுக்கு அறிவிக்கும். சோதனைகள் ஏனைய பிட்டுகளின் நிலையைக் கருதி விடையளிக்கும். இப்பரிமாற்றம் சுற்றுச்சுற்றாக மீள நிகழ்ந்து, ஈற்றில் யாவும் ஓர் உடன்பாட்டுக்கு வரும்.

இக்கருத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ மறக்கப்பட்டே கிடந்தது. அதன் காரணத்தை நினைவகத்திலேயே தேடவேண்டும். கலகர் குறிமுறை வலிமை பெறுவது செய்தித் தொகுதி நீண்டதாய் இருக்கும்போதே. அப்பொழுது ஒவ்வொரு பிட்டுக்கும் உரிய நம்பிக்கை அளவையும், பிட்டுக்கும் சோதனைக்கும் இடையிற் செல்லும் ஒவ்வொரு செய்தியையும் சுற்றுத்தோறும் எழுதி வைத்து மீள வாசிக்கவேண்டும். அக்காலத்துப் பெருங்கணிப்பொறியான ஐ.பி.எம். 7090 இன் காந்த வளைய நினைவகம் 36 பிட் கொண்ட 32,768 சொற்களையே தாங்கியது. ஓர் அறை முழுவதையும் நிரப்பிய அப்பொறிக்கு எட்டிய வேலையைத் தொலைத்தொடர்புக் கருவி ஒன்றினுள் அடக்குதல் அன்று நினைக்கவும் இயலாதது. எனவே நினைவகத்தை அதிகம் வேண்டாத, அட்சர கணித அமைப்பாற் சிக்கனமாகத் தீர்க்கத்தக்க குறிமுறைகளே நடைமுறையில் முதன்மை பெற்றன.

ஆயினும் அக்கருத்து முற்றாக அழிந்துவிடவில்லை என்பதும் நோக்கத்தக்கது. சோவியத் நாட்டிற் சியாப்லொவ், பின்ஸ்கர் ஆகியோர் 1975 இல் கலகர் குறிமுறைகளின் திருத்தும் ஆற்றலையும் அதற்கு வேண்டிய உழைப்பின் அளவையும் ஆராய்ந்தனர். மொஸ்கோவைச் சேர்ந்த மார்குலிஸ் 1982 இல் குறுஞ்சுழல்கள் அற்ற வரைபுகளை ஆக்கும் முறையைக் கூறி, அதனை இக்குறிமுறைகளுடன் தொடர்புபடுத்தினார். அமெரிக்காவில் மைக்கேல் டானர் 1981 இல் அவற்றுக்கு வரைபு வடிவம் தந்தார். உடனடிப் பயன் எதுவுமின்றியும் கணித மரபு தன்னளவிற் கருத்தொன்றைப் பேணி வளர்க்கக்கூடும் என்பதற்கு இவை சான்றாகும். தேவையே சிந்தனையை முற்றாக நிர்ணயிக்கின்றது எனக் கொள்வோருக்கு இவ்விடைக்காலம் விளங்காப் புதிராகவே அமையும்.

3

மாற்றம் 1993 இல் வந்தது. அவ்வாண்டு ஜெனீவாவில் நடைபெற்ற மாநாட்டில், பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ற் நகரத் தொலைத்தொடர்புக் கல்லூரியைச் சேர்ந்த குளோட் பெறூ, அலன் கிளாவியூ ஆகியோரும், தாய்லாந்து நாட்டு ஆய்வு மாணவரான புண்யா திதிமஜ்ஷிமாவும் டேர்போ குறிமுறையை அறிமுகஞ் செய்தனர். ஷனனின் எல்லைக்கு 0.7 தெசிபெல் அளவு அண்மையில் செல்ல இயலும் என்ற அவர்களது கூற்றைத் துறைசார் அறிஞர் பலர் முதலில் ஐயத்துடனேயே நோக்கினர். பெறூ குறிமுறைக் கணித மரபில் வந்தவரல்லர், மின்சுற்று வடிவமைப்பாளர். மின்சுற்றுக்களில் வெளியீட்டின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளீடாக்கும் பின்னூட்டம் அவருக்குப் பழக்கமான உத்தி. அதையே குறிநீக்கத்துக்கும் அவர் எடுத்தாண்டார். கோட்பாட்டாளர் நாற்பத்தைந்து ஆண்டுகள் தேடியதைத் தொழிற்கூடத்தின் பழக்கத்திலிருந்து வந்த ஒருவர் கண்டடைந்தமை, அறிவுக்கும் செய்கைக்கும் உள்ள உறவு பற்றிச் சிந்திப்போருக்கு முக்கியமான செய்தியாகும்.

டேர்போ குறிமுறையின் செயற்பாட்டைச் சுருக்கமாகக் கூறலாம். ஒரே செய்தி இருமுறை குறியிடப்படுகின்றது: முதன்முறை அதன் இயல்பான வரிசையில், இரண்டாம் முறை, இன்டர்லீவர் எனப்படும் வரிசைமாற்றியால் நன்கு கலைக்கப்பட்ட வரிசையில். பெறுமிடத்தில் இரு குறிநீக்கிகள் உள்ளன. ஒன்று இயல்பு வரிசையிலும் மற்றையது கலைத்த வரிசையிலும் ஒவ்வொரு பிட்டைப் பற்றியும் கருத்துரைக்கின்றன. ஒன்றன் கருத்தை மற்றையது பயன்படுத்தித் தன் கருத்தைத் திருத்திக்கொள்கின்றது. இக்கருத்துக்கள் நினைவகத்தின் ஊடாகவே பரிமாறப்படுகின்றன. முதலாவது இயல்பு வரிசையில் எழுதுவதை இரண்டாவது கலைத்த வரிசையில் வாசிக்கின்றது. 1993 ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவ்வரிசைமாற்றி 65,536 இடங்களைக் கொண்டிருந்தது. பரிமாற்றம் பதினெட்டுச் சுற்றுவரை நிகழ்ந்தது. இத்தகையதோர் அமைப்பு 1960 இல் வெறும் கற்பனையே. சிலிக்கன் சில்லுகளில் நினைவகம் மலிந்துவிட்ட 1990களில் அது செய்யத்தக்கதாயிற்று. டேர்போவின் வெற்றியின் பின்னரே, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டேவிட் மக்கே, தொரொன்றோவைச் சேர்ந்த ராட்போர்ட் நீல் முதலியோர் 1990களின் நடுப்பகுதியிற் கலகரின் பழைய குறிமுறைகளும் அதற்கு இணையான ஆற்றல் உடையவை எனக் காட்டினர். புதியது தோன்றிய பின்னரே பழையதன் பெறுமதி புலனாயிற்று.

4

மூன்றாந் தலைமுறைக் கைத்தொலைபேசி நியமம் டேர்போ குறிமுறையை ஏற்றுக்கொண்டது. அதன் வரிசைமாற்றி 40 முதல் 5,114 வரையிலான எந்தவொரு தொகுதி நீளத்துக்கும் உரியது. பிழைதிருத்தும் ஆற்றல் ஒன்றே அதனை வகுத்தோரின் முதற் கவலை. தொடக்கத்தில் எதிர்பார்க்கப்பட்ட உச்ச வேகம் செக்கனுக்கு 20 இலட்சம் பிட்டுகளே ஆதலால், ஒரு செயலி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கப் போதிய அவகாசம் இருந்தது. ஆயின் கைத்தொலைபேசி பேச்சுக் கருவி என்ற நிலையிலிருந்து படமும் திரைப்படமும் விற்கும் சந்தையாக மாறியதும் வேகத்தின் மீதான நெருக்குதல் பன்மடங்காயிற்று. நான்காந் தலைமுறையின் முதல் நியமம் செக்கனுக்கு 30 கோடி பிட்டுகளை இலக்காகக் கொண்டது. செக்கனுக்கு 30 கோடி துடிப்புகள் கொண்ட சில்லு ஒன்றில், ஒரு துடிப்பில் ஒரு பிட்டைக் கையாளும் செயலி ஒன்று ஆறு சுற்றுக்களை, அதாவது பன்னிரண்டு அரைச்சுற்றுக்களைச் செய்யவேண்டுமெனின், அதற்கு எட்டும் வேகம் செக்கனுக்கு இரண்டரைக் கோடி பிட்டுகளே. ஆகவே பன்னிரண்டு செயலிகளேனும் ஒருங்கு உழைத்தல் வேண்டும்.

இங்கேதான் முரண்பாடு வெளிப்பட்டது. நினைவகம் ஒன்றுக்கு வாயில் ஒன்றே; ஒரு துடிப்பில் ஒருவரே அதனுட் புகலாம். எனவே நினைவகமும் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டது. செய்தித் தொகுதியைச் சம கூறுகளாக்கிச் செயலிக்கு ஒரு கூறும் அறைக்கு ஒரு கூறும் என ஒதுக்கினால், இயல்பு வரிசையில் ஒவ்வொரு செயலியும் தனக்குரிய அறையை மட்டுமே நாடும், மோதல் எழாது. கலைத்த வரிசையில் இவ்வொழுங்கு குலைந்துவிடும். ஒரே துடிப்பில் இரு செயலிகள், சிலவேளை மூன்றும் நான்கும், ஒரே அறையின் வாயிலில் வந்து நிற்கும். அறைகள் எழுந்தமானமாக நாடப்படுவதாகக் கொண்டால், நான்கு செயலிகள் நான்கு அறைகளை நாடத்தக்க 256 வழிகளில் 24 மட்டுமே மோதலற்றவை. அதாவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. எட்டுச் செயலிகளாயின் இவ்வாய்ப்பு ஆயிரத்துக்கு இரண்டரையை எட்டாது. நன்கு கலைத்தலே டேர்போ குறிமுறையின் வலிமை. அவ்வலிமையே இணைச்செயலுக்குத் தடையாயிற்று. பலர் கூடி உழைக்கும்போது அவ்வுழைப்பை ஒழுங்குபடுத்துதல் தனியொரு தொழிலாகவே எழுகின்றது என்றும், இசைக்குழுவுக்கு நெறியாளர் வேண்டியிருப்பது போன்றது அது என்றும் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் தொகுதியிற் கூட்டுழைப்பைப் பற்றிய அத்தியாயத்தில் விளக்கியுள்ளார். அச்சில்லினுள்ளும் அதே பிரச்சினை, மனிதர் இன்றி, எழுந்தது எனலாம்.

இதனைத் தீர்க்க மூன்று வழிகள் முயலப்பட்டன. முதலாவது, மோதலை ஏற்றுக்கொண்டு சமாளித்தல். ஜேர்மனியின் கைசர்ஸ்லவுட்டேர்ன் பல்கலைக்கழகத்தில் நோர்பேர்ட் வேன் முதலியோர் 2000களின் தொடக்கத்தில் வகுத்த அமைப்புக்கள் இவ்வகையின. ஒரே வாயிலை நாடும் மதிப்புக்கள் சிறு காத்திருப்பு நினைவகங்களில் வரிசைப்படுத்தப்பட்டு, முறை வரும்போது உட்செல்லும். குறிமுறை மாறுவதில்லை, ஆயின் மோதலின் செலவைச் சில்லின் பரப்பும் தாமதமும் ஏற்கின்றன.

இரண்டாவது வழி, எந்த மதிப்பு எந்த அறையில் இருக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்தல். இத்தாலியின் தூரின் நகரத்தைச் சேர்ந்த தராப்ளே, பெனடெற்றோ, மொன்தோர்சி ஆகியோர் 2004 இல், எந்த வரிசைமாற்றிக்கும் எத்தனை செயலிகளுக்கும் மோதலற்ற ஒதுக்கீடு ஒன்று நிச்சயமாக உண்டு என நிறுவினர். இதன் கணித அடிப்படை மிகப் பழையது. இயல்பு வரிசையின் ஒவ்வொரு துடிப்பையும் இடப்புறத்துப் புள்ளியாகவும், கலைத்த வரிசையின் ஒவ்வொரு துடிப்பையும் வலப்புறத்துப் புள்ளியாகவும் குறித்து, ஒவ்வொரு மதிப்பையும் அது தேவைப்படும் இரு துடிப்புகளையும் இணைக்கும் கோடாக வரைந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் செயலிகளின் எண்ணிக்கைக்குச் சமமான கோடுகள் கூடும். ஒரு புள்ளியிற் கூடும் கோடுகள் யாவும் வெவ்வேறு நிறம் பெறுமாறு அத்தனை நிறங்களாலேயே தீட்ட இயலும் என்பது ஹங்கேரியரான டெனஸ் கேனிக் 1916 இல் நிறுவிய தேற்றமாகும். நிறங்களை அறைகளாகக் கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. யூத வழியினரான கேனிக் 1944 ஒக்டோபரில், பாசிஸ்டுகள் புடாபெஸ்ற்றில் ஆட்சியைக் கைப்பற்றிய சில நாட்களுள், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது தேற்றம் என்றோ ஒரு நாள் தொலைபேசியின் நினைவகத்தை ஒழுங்குசெய்யும் என அவர் எண்ணியிருக்க இயலாது.

எனினும் இத்தீர்வினுள்ளும் புதியதொரு முரண்பாடு மறைந்திருந்தது. ஒதுக்கீடு உண்டு என்பது வேறு. அதனைச் சில்லினுள் வைத்திருத்தல் வேறு. மூன்றாந் தலைமுறை நியமத்தின் 5,075 நீளங்களுக்கும் எம்மதிப்பு எவ்வறையில் என்ற அட்டவணையைப் பேணவேண்டுமெனின், நினைவக மோதலைத் தவிர்ப்பதற்கே மேலும் பெருமளவு நினைவகம் தேவைப்படும். பிரான்சின் லோரியான் நகரத்தில் சிறில் சவே, பிலிப் குசி முதலியோர் பல ஆண்டுகள் உழைத்தது இவ்விடயம் பற்றியே. அட்டவணையைச் சேமிப்பதற்குப் பதிலாகச் சில்லே ஒதுக்கீட்டை விரைவாகக் கணித்துக்கொள்ளத்தக்க முறையொன்றை அவர்கள் 2013 இல் முன்வைத்தனர்.

மூன்றாவது வழியே வரலாற்று நோக்கில் மிக முக்கியமானது. அது குறிமுறையையே மாற்றுதலாகும். ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுன், தக்கெஷித்தா ஆகியோர் 2005 இல், இருபடிக் கோவை ஒன்றாலேயே வரிசைமாற்றியை ஆக்கலாம் எனக் காட்டினர். தொகுதியைச் சமமாகப் பகுக்கும் எந்தக் கூறுநீளத்துக்கும் இத்தகைய வரிசைமாற்றியில் மோதல் எழாது என்பதைத் தக்கெஷித்தா 2006 இல் நிறுவினார். நான்காந் தலைமுறை நியமத்தின் முதல் வரிசைமாற்றியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தொகுதி நீளம் 40. இடவெண்ணின் மும்மடங்கையும், அவ்வெண்ணின் வர்க்கத்தின் பதின்மடங்கையும் கூட்டி, 40 ஆல் வகுக்க வரும் மீதியே புதிய இடம். நான்கு செயலிகள் முறையே 0, 10, 20, 30 ஆம் இடங்களிலிருந்து தொடங்குவதாகக் கொள்க. முதற் துடிப்பில் அவை நாடுவன 0, 30, 20, 10 ஆம் இடங்கள். இரண்டாம் துடிப்பில் 1, 11, 21, 31 என்பவற்றுக்கு 13, 3, 33, 23. மூன்றாம் துடிப்பில் 6, 36, 26, 16. நான்கும் எப்பொழுதும் நான்கு வெவ்வேறு அறைகளிலேயே விழுகின்றன. அதுமட்டுமன்று, ஒவ்வொரு துடிப்பிலும் நான்கு அறைகளினுள்ளும் ஒரே வரிசையையே அவை நாடுகின்றன: முதலிற் பூச்சியம், அடுத்து மூன்று, பின்னர் ஆறு. ஒரே முகவரியால் நான்கு அறைகளையும் திறக்கலாம், அட்டவணை வேண்டியதில்லை. 40 முதல் 6,144 வரையிலான 188 நீளங்களுக்கும் ஒவ்வோர் இணை எண் போதுமானது.

இதன் உட்பொருள் கவனத்துக்குரியது. மூன்றாந் தலைமுறையின் வரிசைமாற்றி பிழையை நோக்கி வகுக்கப்பட்டது. நான்காந் தலைமுறையின் வரிசைமாற்றி பிழையையும் நினைவகத்தையும் ஒருங்கே நோக்கி வகுக்கப்பட்டது. எழுந்தமானத்தின் இடத்தை ஒழுங்கு பெற்றது. ஆயின் அவ்வொழுங்கு குறிமுறையின் ஆற்றலைக் குன்றச் செய்யவில்லை. தடை எனக் கருதப்பட்டது கணிதத்துக்குப் புதிய வாயிலைத் திறந்துவிட்டது.

5

கலகர் குறிமுறையின் வரலாறும் இதே திசையிற் சென்றது. அங்கு முதலில் முட்டுக்கட்டையாய் அமைந்தது கம்பி. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனிச் செயலி வைத்து யாவற்றையும் நேரடியாக இணைத்துவிட்டால் பொது நினைவகமே வேண்டியதில்லை, மோதலும் இல்லை. பிளாங்ஸ்பி, ஹவ்லன்ட் ஆகியோர் 2002 இல் வெளியிட்ட சில்லு இவ்வகையினது. 1,024 பிட் தொகுதியைச் செக்கனுக்கு நூறு கோடி பிட் வேகத்தில் அது கையாண்டது. ஆயின் 52.5 சதுர மில்லிமீற்றர் பரப்பில் ஏறத்தாழப் பாதியே தருக்கச் சுற்றுக்களால் நிரம்பியது. எஞ்சியது எழுந்தமானமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடிய கம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட இடம். செய்மதித் தொலைக்காட்சிக்கெனப் பின்னர் வந்த நியமத்தின் தொகுதி நீளம் 64,800 பிட். அரைவீதக் குறிமுறையில் பிட்டுகளுக்கும் சோதனைகளுக்கும் இடையிலான இணைப்புக்கள் 226,799. இவற்றுக்கெல்லாம் தனிக் கம்பி இழுத்தல் நடவாத காரியம். மீண்டும் நினைவகத்தை நாடுவதன்றி வேறு வழியில்லை. நாடியதும் மோதலும் கூடவே வந்தது.

இந்நிலையில் 2000 ஆம் ஆண்டு பிரெஸ்ற் நகரிற் கூடிய மாநாடு ஒன்றிற் பூத்தியோன், காஸ்துரா, கிஷிஷாங் ஆகிய மூவர் சமர்ப்பித்த கட்டுரையின் தலைப்பே ஒரு பிரகடனமாக அமைந்தது: குறிநீக்கியை முதலாகக் கொண்ட குறிமுறை வடிவமைப்பு என்பதே அதன் பொருள். முதலில் இயற்றத்தக்க குறிநீக்கி எது எனத் தீர்மானிப்போம். பின்னர் அக்குறிநீக்கி அவிழ்க்கத்தக்க குறிமுறைகளுள் நல்லதைத் தெரிவோம் என்பதே அவர்கள் கூற்று. 2003 இல் இலினோய் பல்கலைக்கழகத்தின் மன்சூர், ஷன்பாக் ஆகியோரும் சில்லின் அமைப்பை மனங்கொண்டு வகுத்த கலகர் குறிமுறைகளை முன்வைத்தனர். சோதனை அட்டவணையைச் சம அளவான சதுரக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டமும் வெறுமையாகவோ ஒரு சுழற்சியாகவோ மட்டும் இருக்குமாறு விதித்தல் இதன் அடிப்படை. கட்டத்தின் பக்கத்தில் எத்தனை வரிசைகளோ அத்தனை செயலிகள் ஒரே சமயத்தில் இயங்கலாம். ஒரே முகவரியில் அத்தனை மதிப்புக்களையும் வாசித்து, வட்டமாகச் சுழற்றிக் கொடுத்தாற் போதும். செய்மதி நியமத்தில் இவ்வொழுங்கின் அலகு 360. 2009 இல் வந்த கம்பியில்லா இணைய நியமத்தில் 27, 54, 81. ஐந்தாந் தலைமுறைக் கைத்தொலைபேசியில் 2 முதல் 384 வரை. இவ்வெண்கள் கணிதத் தேற்றம் எதிலிருந்தும் பிறந்தவையல்ல. சில்லினுள் எத்தனை செயலிகள் அருகருகே நிற்கும், எத்துணை அகலமான நினைவகம் அவற்றுக்கு ஊட்டும் என்ற கேள்விக்கான விடைகள் அவை.

இதனால் முரண்பாடு முற்றாக நீங்கிற்று எனல் தவறாகும். சோதனைகளை அடுக்கடுக்காகச் செய்து, ஓர் அடுக்குத் திருத்திய மதிப்பை அடுத்த அடுக்கு உடனே பயன்படுத்தும் முறை சுற்றுக்களின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தது. ஆயின் முன்னடுக்கு தன் மதிப்பை எழுதி முடிக்குமுன்னரே பின்னடுக்குப் பழைய மதிப்பை வாசித்துவிடும் புதிய மோதல் அதிலிருந்தே பிறந்தது. காத்திருந்தால் வேகம் குன்றும். காத்திராவிடிற் பிழை நேரும். அடுக்குகளின் வரிசையை மாற்றியும், ஒரே பிட்டை நாடாத சோதனைகளை அடுத்தடுத்து வைத்தும் இதனைத் தணிக்கின்றனர். ஐந்தாந் தலைமுறைக் குறிமுறையின் ஒரு பகுதியிற் சோதனை வரிசைகள் ஒன்றோடொன்று முட்டாதவாறு தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டமை இதன் விளைவே. ஒரு முரண்பாட்டின் தீர்வு உயர்ந்த மட்டத்தில் மற்றொரு முரண்பாட்டைத் தோற்றுவித்தல் என்ற இயக்கவியற் போக்கு இங்குத் தெளிவாகப் புலனாகின்றது.

6

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க முடிபுகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவதாக, பொருளியல் நிலைமைகள் கருத்தைத் தோற்றுவிப்பனவாக அன்றி, எக்கருத்து எப்பொழுது சமூக ஆற்றலாக மாறும் என்பதை வரையறுப்பனவாகவே இங்குத் தோன்றுகின்றன. கேனிக்கின் தேற்றம் ஏறத்தாழ 90 ஆண்டுகளும் கலகரின் குறிமுறை முப்பது ஆண்டுகளுக்கு மேலும் காத்திருந்தன. மேற்கட்டுமானத்தின் சார்புநிலைச் சுயேச்சை என நாம் பேசுவது இதுவேயாகும். அதேவேளை, நினைவகம் மலிந்தபோது கருத்து விழித்துக்கொண்டது. நினைவகம் மோதியபோது கருத்துத் தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டது. நிர்ணயம் ஒரு முறையுடன் முடிவதன்று; அது தொடர்ந்து நிகழும் உறவு.

இரண்டாவதாக, வேகம் என்பதைத் தொழினுட்பத்தின் இயல்பான வளர்ச்சியாகக் கொள்ளலாகாது. பன்னிரண்டு செயலிகள் ஒரே வாயிலில் முட்டிமோத நேர்ந்தது, மூலதனம் தன் சுழற்சியை இடையறாது விரைவுபடுத்த வேண்டியிருப்பதன் விளைவாகும். எக்குறிமுறை நியமமாகும் என்பதும் கணிதத்தால் மட்டும் முடிவாவதில்லை. டேர்போ குறிமுறைக்கு 1991 முதலே ஆக்கவுரிமைக் கோரிக்கைகள் இருந்தன. கலகரின் மூலக்கருத்தோ காலங்கடந்து பொதுச்சொத்தாகியிருந்தது. செய்மதி நியமத்துக்கான தெரிவிலும் பின்னரும் பழையது மீண்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. 2016 இல் ஐந்தாந் தலைமுறை நியமத்துக்கெனக் கலகர் குறிமுறை தரவுத் தடத்துக்கும், அங்காராவின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்தால் அரிக்கன் 2009 இல் வெளியிட்ட துருவக் குறிமுறை கட்டுப்பாட்டுத் தடத்துக்கும் எனப் பங்கிடப்பட்டமை, பன்னாட்டு நிறுவனங்களுக்கிடையிலான போட்டியின் ஊடாகவே நிகழ்ந்தது. அரிக்கன் கலகரின் மாணவர் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. போட்டியிட்ட இரு குறிமுறைகளும் ஒரே ஆசிரியரின் மரபில் வந்தவை.

மூன்றாவதாக, நினைவகம் மலிந்தது என எளிதிற் கூறிவிடுகின்றோம். அது தானாக மலியவில்லை. 1963 இல் அமெரிக்கச் சில்லு நிறுவனம் ஒன்று ஹொங்கொங்கில் பொருத்துந் தொழிற்சாலையைத் திறந்தது. 1972 இல் பினாங்கின் பயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயத்துக்கு மற்றும் பல நிறுவனங்கள் வந்துசேர்ந்தன. அங்கே உருப்பெருக்கிக் கண்ணாடியின் மேற் குனிந்து மயிரிழையினும் மெல்லிய கம்பிகளைப் பொருத்தியவர் பெரும்பாலும் இளம் மலாய்ப் பெண்களும், அவர்களுடன் சீன, தமிழ்ப் பெண்களுமாவர். கலகரின் கருத்து காகிதத்திலிருந்து சில்லுக்கு இறங்கிவந்த பாதை, இத்தகைய தொழிற்சாலைகளின் ஊடாகவே சென்றது. குறிமுறைகளின் வரலாற்றை எழுதுவோர் ஷனனையும் கலகரையும் பெறூவையும் பெயர் சுட்டிப் போற்றுவது நியாயமானதே. ஆயின் நினைவகத்தை மலிவாக்கிய உழைப்பை அவ்வரலாற்றிலிருந்து நீக்கிவிட்டால், அவ்விடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் என்ன நிகழ்ந்தது என்பதையே நாம் விளக்க இயலாதவராவோம்.

இறுதியாக, இத்துறையின் கணிதம் திறந்து கிடக்கின்றது. 40 இடங்கள் கொண்ட அவ்வரிசைமாற்றியை எந்த மாணவரும் காகிதத்திற் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அதனைச் சில்லாக வார்க்கும் ஆற்றல் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க நிறுவனங்களிடமே குவிந்துள்ளது. கருத்துப் பொதுவுடைமையாகவும் நினைவகம் தனியுடைமையாகவும் இருக்கும் இந்நிலையே இத்துறையின் ஆழமான முரண்பாடாகும். செயலிகளுக்கிடையிலான மோதலைத் தீர்க்க மூன்று வழிகள் காணப்பட்டன. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்கு எந்தத் தேற்றமும் போதாது; அது கணிதத்துக்கு வெளியே, சமூக வாழ்வில் தீர்க்கப்படவேண்டியதொன்றாகும்.